டெல்ப்ட் என்றால் எந்த டெல்ப்ட்?

நெடுந்தீவுக்கு ஆங்கிலத்தில் விலாசம் எழுதும்போது இன்றும் டெல்ப்ட் என்றுதான் எழுதுகிறோம். பெயர் ஒல்லாந்தர் வைத்தது. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள், சுற்றியிருந்த தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பர்க், காரைதீவு அம்ஸ்ரடாம், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம். அவற்றில் பெரும்பாலானவை பழைய வரைபடங்களோடு நின்றுவிட்டன. டெல்ப்ட் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஆகவே உலகில் குறைந்தது இரண்டு டெல்ப்ட் உண்டு. உறையில் டெல்ப்ட் என்று மட்டும் எழுதி யாழ்ப்பாணத் தபாற்கந்தோரில் போட்டால் அது குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும். அதே உறையை ரொட்டர்டாமில் போட்டால் நெதர்லாந்து நகரத்துக்குப் போகும். எழுத்து ஒன்றுதான், எங்கே நின்று சொல்கிறோம் என்பதைப் பொறுத்து அது குறிக்கும் இடம் மாறிவிடுகிறது. லினக்ஸ் கணினியில் மின்னஞ்சல் வழங்கி நிறுவுகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவதும் இந்த இடத்தில்தான்.

நானும் விழுந்திருக்கிறேன். தீவகத்து ஊர் ஒன்றின் மக்கள் ஒன்றியத்துக்கு வலைத்தளம் ஒன்றைப் பராமரித்து வந்தேன். அதில் ஒரு தொடர்புப் படிவம் இருந்தது. வெளிநாட்டில் இருக்கிற ஊரவர் யாரும் அதை நிரப்பினால் செய்தி ஒன்றியச் செயலாளரின் மின்னஞ்சலுக்குப் போகவேண்டும். மாதங்கள் கழிந்தன. செயலாளர் ஒருநாள், "தம்பி, ஒருத்தரும் எழுதுறதில்லை, சனத்துக்கு ஊரில அக்கறை விட்டுப்போச்சு" என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. இரவு வழங்கிக்குள் போய்த் தேடினேன். வலைத்தளத்தை இயக்குவதற்கென்று அந்தக் கணினி தானாக வைத்திருந்த கணக்கின் அஞ்சல் பெட்டியில் எல்லாக் கடிதங்களும் கிடந்தன. பள்ளிக்கூடத்துக்குப் புலமைப்பரிசில் தர விரும்பியவர், தகப்பனாரின் காணி எல்லையைக் கேட்டவர், கோயில் திருவிழாத் திகதி கேட்டவர், மரண அறிவித்தல் அனுப்பியவர். ஒவ்வொன்றின் தலைப்பிலும், அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்ற குறிப்பு.

பிழை ஒரே ஒரு வரியில் இருந்தது. அந்த வரிக்குப் போகுமுன், கணினிக்குப் பெயர் எப்படி வந்தது என்று பார்க்கவேண்டும்.

இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெற் வலையில் கணினிகள் சில நூறாக இருந்த காலத்தில், எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலில் இருந்தன. கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் பைன்லர் தலைமையிலான குழு அதைக் காத்துவந்தது. புதுக் கணினி சேர்ந்தால் அவர்களுக்குச் சொல்லவேண்டும், அவர்கள் எழுதுவார்கள், மற்றவர்கள் படியெடுத்துக்கொள்வார்கள். வலை பெருக, இந்த முறை தாங்கவில்லை. ஒரே பெயரை இருவர் வைத்துக்கொண்டால் யாருக்கு விட்டுக்கொடுப்பது? 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் வகுத்த ஆள்களப் பெயர் முறை அந்தச் சிக்கலை அவிழ்த்தது. அந்தப் பழைய பட்டியல் முழுதாக அழிந்துவிடவில்லை. லினக்ஸ் கணினி ஒவ்வொன்றிலும் எட்சி என்ற அடைவுக்குள் ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் ஒரு சிறு கோப்பாக இன்றும் இருக்கிறது.

ஆள்களப் பெயர் முறையைப் புங்குடுதீவாருக்கு விளக்குவது எளிது. அங்கே ஆளை அடையாளம் சொல்வதே வட்டாரத்தை வைத்துத்தான். ஊருக்குள் 5ஆம் வட்டாரம் என்றால் போதும், பிள்ளையும் கூட்டிக்கொண்டுபோய் விடும். ரொறன்ரோவில் ஒருவரிடம் 5ஆம் வட்டாரம் என்று மட்டும் சொன்னால் என்ன விளங்கும்? 5ஆம் வட்டாரம், புங்குடுதீவு, யாழ்ப்பாணம், இலங்கை என்று கடைசிவரை சொல்லவேண்டும். கணினியிலும் அப்படியே. 'அஞ்சல்' என்பது வெறும் பெயர். அது வீட்டுக்குள் செல்லுபடியாகும். 'அஞ்சல்.நெடுந்தீவு.இலங்கை' என்பது முழுப்பெயர். உலகத்தில் எங்கே நின்று கேட்டாலும் ஒரே கணினியைத்தான் குறிக்கும். (விளக்கத்துக்காக நான் எழுதிய பெயர் இது.) சிறியதிலிருந்து பெரியதற்குப் போகும் இந்த வரிசை, நாம் உறையில் மேலிருந்து கீழாக எழுதும் வரிசைதான். ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒரு பொறுப்பாளர் இருப்பதால் ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தாலும் மோதாது. நெதர்லாந்தின் டெல்ப்டும் நமது டெல்ப்டும் இணையத்தில் பிரச்சினையில்லாமல் வாழலாம். முதலாவது நெதர்லாந்துப் பதிவகத்தின் கீழ், இரண்டாவது 1990இல் இலங்கைக்கு ஒதுக்கப்பட்ட எல்கே என்ற முடிவின் கீழ்.

மின்னஞ்சல் வழங்கிக்கு முழுப்பெயர் ஏன் அவ்வளவு முக்கியம்? ஒரு வழங்கி இன்னொன்றோடு பேசும் முறையைப் பார்த்தால் தெரியும். 1982இல் ஜோன் போஸ்டல் எழுதிய விதிமுறை அது. இன்றும் அடிப்படை மாறவில்லை. அனுப்பும் வழங்கி, பெறும் வழங்கியின் 25ஆம் எண் வாசலைத் தட்டுகிறது. பெறுகிறவர் 220 என்று சொல்லித் தன் பெயரைச் சொல்கிறார். உடனே அனுப்புகிறவர் தன் பெயரைச் சொல்லவேண்டும். ஹலோ என்ற சொல்லின் எழுத்துகளைச் சற்றே மாற்றி, அதன்பின் தன் முழுப்பெயர். பெறுகிறவர் 250 என்றால் உள்ளே வரலாம். பிறகுதான் யாரிடமிருந்து, யாருக்கு என்பதெல்லாம். கடைசியில் கடிதம், கடிதம் முடிந்தது என்பதைக் காட்ட, ஒரு வரியில் தனியாக ஒரு முற்றுப்புள்ளி.

ஆகவே வழங்கி வாய் திறந்ததும் சொல்லும் முதல் செய்தி அதன் பெயர். அந்தப் பெயரை அது எங்கிருந்து எடுக்கிறது? நிறுவும்போது நாம் கொடுத்ததிலிருந்து. அவசரத்தில் ஒன்றும் கொடுக்காமல் விட்டால், வழங்கி போய் "நான் லோக்கல்ஹோஸ்ட்" என்று சொல்லும். அதாவது, "நான் எங்கள் வீடு." உலகத்தில் ஒவ்வொரு கணினியும் தன்னைத் தானே அழைக்கும் பெயர் அது. இப்படி வந்து நிற்பவரை யார் நம்புவது? சொன்ன பெயர் சரிபார்ப்பில் பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கடிதத்தை மறுக்கக்கூடாது என்று விதிமுறை சொல்லத்தான் செய்கிறது. ஆனால் குப்பை அஞ்சலில் நொந்துபோன நிர்வாகிகள், முழுப்பெயர் சொல்லாதவரை வாசலிலேயே திருப்பிவிடும்படி வழங்கிகளை அமைத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லினக்ஸில் இந்தப் பெயர் இரண்டு இடங்களில் இருக்கிறது. எட்சி அடைவின் ஹோஸ்ட்நேம் கோப்பில் கணினியின் பெயர். ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தப் பெயருக்கும் எண்ணுக்குமான முடிச்சு. டெபியன் வகைக் கணினிகளில் அந்தக் கோப்பில் 127.0.1.1 என்று ஒரு வரி இருக்கும். அதில் முதலில் முழுப்பெயரும் அடுத்துக் குறும்பெயரும் வரவேண்டும். வரிசை மாறினால், முழுப்பெயரைக் கேட்கும்போது கணினி குறும்பெயரையே தரும். சின்ன விடயம். ஆனால் ஒரு பின்னேரம் முழுவதையும் தின்றுவிடும்.

இவற்றுக்கு மேல், அஞ்சல் மென்பொருளுக்கும் தனியாகப் பெயர் சொல்லவேண்டும். நான் பயன்படுத்துவது போஸ்ட்ஃபிக்ஸ். அதை எழுதியவர் வீட்சே வெனெமா என்ற ஒல்லாந்துக்காரர். ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபோது எழுதி 1998 டிசம்பரில் வெளியிட்டார். 'கந்தோர்' என்ற சொல்லை ஒல்லாந்தரிடமிருந்து வாங்கி இன்றுவரை தபாற்கந்தோர் என்று சொல்கிற ஊரில், மின்தபாலைச் சுமப்பதும் ஓர் ஒல்லாந்தர் எழுதிய மென்பொருள் என்பதை நினைக்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அதன் அமைப்புக் கோப்பில் நான்கு வரிகளை விளங்கிக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மைஹோஸ்ட்நேம், நான் யார். மைடொமைன், நான் எந்த ஊர். மைஒரிஜின், என்னிடமிருந்து புறப்படும் கடிதத்தில் எந்த ஊர்ப் பெயரை எழுதுவது. மைடெஸ்டினேஷன், எந்தெந்த விலாசத்துக்கு வரும் கடிதங்களை நானே பிரித்து வீட்டுக்குள் கொடுப்பது.

என் பிழை நான்காவது வரியில். ஒன்றியத்தின் மின்னஞ்சலை முன்னமே வேறொரு வழங்கிக்கு மாற்றியிருந்தோம். வலைத்தளம் மட்டும் பழைய கணினியில். அந்தப் பழைய கணினியின் மைடெஸ்டினேஷன் வரியில் ஒன்றியத்தின் ஆள்களப் பெயர் அப்படியே இருந்தது. செயலாளருக்கு ஒரு கடிதம் என்றதும், அது வெளியே யாரிடமும் கேட்கவில்லை. "அந்த ஊர் நான்தானே" என்று உள்ளே தேடியது. செயலாளர் என்று ஒரு கணக்கு அங்கே இல்லை. உடனே, ஆள் இல்லை என்று எழுதி, கடிதத்தை அனுப்பியவரிடம் திருப்பியது. அனுப்பியவர் யார்? வலைத்தளத்தை இயக்கும் கணக்கு. அதுவும் அதே கணினியில். அந்தப் பெட்டியை மனிதர் எவரும் திறப்பதில்லை. நான்காவது வரியிலிருந்து ஒரு பெயரை நீக்கினேன். மென்பொருளை மீள ஏற்றினேன். இரண்டு நிமிட வேலை. கிடந்த கடிதங்களை ஒவ்வொன்றாகச் செயலாளருக்கு அனுப்பிவைக்க மூன்று இரவு பிடித்தது. மரண அறிவித்தல் அனுப்பியவருக்கு நானே எழுதி மன்னிப்புக் கேட்டேன்.

அந்தக் கணினி வெளியே கேட்டிருந்தால் என்ன கேட்டிருக்கும்? ஆள்களப் பெயர்ப் பதிவில் எம்எக்ஸ் என்று ஒரு வகை உண்டு. 1986இல் கிரெய்க் பாட்ரிட்ஜ் எழுதிய ஆவணம் அதன் பயன்பாட்டை வரையறுத்தது. இந்த ஊருக்கு வரும் கடிதங்களை எந்த வழங்கியிடம் கொடுப்பது என்பதைச் சொல்லும் பதிவு அது. பக்கத்தில் ஓர் எண் இருக்கும். குறைந்த எண்ணுக்கு முதலிடம். இங்கே ஒரு கண்டிப்பு உண்டு: எம்எக்ஸ் பதிவு சுட்டும் பெயர் நேரடியாக எண்ணுக்குப் போகும் பெயராக இருக்கவேண்டும், மாற்றுப்பெயராக இருக்கக்கூடாது. நயினாதீவுக்கு நாகதீபம் என்றும் பெயர். இரண்டும் ஒரே தீவு. யாத்திரை போகிறவருக்கு எந்தப் பெயரும் செல்லும். தபால் பட்டியலில் ஒன்றுதான் எழுதலாம்.

இதுவரை சொன்னது பெயரிலிருந்து எண்ணுக்குப் போகும் வழி. குப்பைப் பெட்டியில் விழும் கடிதங்களில் கணிசமானவற்றுக்குக் காரணம் எதிர்வழி. பெறும் வழங்கிக்கு, தட்டுகிறவரின் எண் தெரியும். 203.0.113.25 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைத் தலைகீழாக்கி, 25.113.0.203 என்று எழுதி, அதற்கென்று இருக்கும் தனி ஆள்களத்தில் "இது யாருடைய எண்?" என்று கேட்கிறது. வருகிற பெயரை மீண்டும் எண்ணாக்கிப் பார்க்கிறது. போன வழியும் வந்த வழியும் ஒரே வாசலில் முடிந்தால் நம்பிக்கை. இல்லையென்றால் சந்தேகம். 2024 பெப்ரவரி முதல் ஜிமெயில் தனக்குக் கடிதம் அனுப்பும் எல்லா வழங்கிகளிடமும் இதைக் கேட்கிறது. யார் என் பெயரில் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்பிஎஃப் பதிவு, அல்லது கடிதத்தில் முத்திரை குத்தும் டிகிம், இரண்டில் ஒன்றாவது வேண்டும் என்கிறது. நாளுக்கு 5000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த எதிர்வழியில். ஆள்களப் பெயரை வாங்கியவர் நீங்கள்; அதன் பதிவுகளை நீங்கள் மாற்றலாம். எண்ணோ உங்களுடையது அல்ல. கணினியை வாடகைக்குத் தந்தவருடையது. எதிர்வழிப் பதிவை அவர்தான் எழுதவேண்டும், அல்லது எழுதுவதற்கான வசதியை உங்களுக்குத் தரவேண்டும். வீட்டு இணைய இணைப்பில் வழங்கி வைப்பது பெரும்பாலும் சரிவராமல் போவதும் இதனால்தான். எண் அடிக்கடி மாறும், எதிர்வழிப் பெயர் உங்களுடையதாக இராது, 25ஆம் வாசலைப் பல நிறுவனங்கள் பூட்டியே வைத்திருக்கும்.

அப்படியானால் நெடுந்தீவின் பெயரில் ஒரு வழங்கி வேண்டுமென்றால் கணினியை நெடுந்தீவில் வைக்கவேண்டுமா? வேண்டியதில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்கட்டமைப்போடு இணைக்கப்படாத தீவுகள். காற்று, சூரிய மின்சாரத்தோடு டீசலையும் கலந்து தரும் நிலையங்களை இந்தியாவின் நன்கொடையில் அமைக்க 2024 மார்ச்சில்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது. கணினி சிங்கப்பூரிலோ பிராங்க்பர்ட்டிலோ இருக்கட்டும். பெயர் ஊருடையது, எண் மட்டும் இடத்தோடு மாறும். 1990களின் தொடக்கத்தில் தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்த சனம் எந்த நாட்டில் குடியிருந்தாலும் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் ஒன்றியம் அமைத்தது. ஆள்களப் பெயரை வகுத்தவர்கள் செய்த நல்ல காரியமும் அதுவே: பெயரையும் இடத்தையும் பிரித்துவைத்தார்கள். கணினியை மாற்றும் நாளில் பதிவுகளின் ஆயுளை முன்கூட்டியே குறைத்துக்கொள்ளுங்கள். 86400 வினாடி, அதாவது ஒரு நாள் என்றிருப்பதை 300 ஆக்கினால், பழைய எண்ணை நினைவில் வைத்திருக்கிறவர்கள் ஐந்து நிமிடத்தில் புதியதைக் கேட்டுவிடுவார்கள்.

வழங்கி சற்று நேரம் நின்றுபோனால் கடிதம் தொலையுமே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. தொலையாது. கடல் கொந்தளித்துக் குமுதினிப் படகோ வடதாரகைப் படகோ ஓடாத நாளில், நெடுந்தீவுக்குப் போகும் தபால் பை கரையில் காத்திருப்பதுபோல, அனுப்பும் வழங்கியின் வரிசையில் கடிதம் காத்திருக்கும். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப முயலும். நான்கைந்து நாளாவது முயலவேண்டும் என்பது விதிமுறையின் அறிவுரை. போஸ்ட்ஃபிக்ஸ் ஐந்து நாள் காத்திருக்கும். மறுமொழி 4 என்ற இலக்கத்தில் தொடங்கினால், இன்று படகில்லை, நாளை பார்க்கலாம் என்று பொருள். 5இல் தொடங்கினால், அப்படி ஒருவர் இல்லை, திரும்பிப் போ. பெயரைப் பிழையாக அமைத்த வழங்கி, நாளை பார்க்கலாம் என்று சொல்லவேண்டிய இடத்தில், அப்படி ஒருவர் இல்லை என்று சொல்லிவிடுகிறது. அதுதான் அதன் உண்மையான தீங்கு.

தமிழ் எழுத்தில் ஆள்களப் பெயர் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வைக்கலாம். '.இலங்கை' என்ற முடிவு 2010இலேயே நமக்குக் கிடைத்துவிட்டது. பெயர்ப் பதிவேட்டுக்குள் போகும்போது அந்தத் தமிழ் எழுத்துகள் பியூனிகோட் என்ற முறையில் ஆங்கில எழுத்துகளாகவும் இலக்கங்களாகவும் மாற்றப்படுகின்றன. எக்ஸ், என், இரண்டு சிறுகோடு என்று தொடங்கும். நெடுந்தீவு என்பது நமக்கு ஐந்தெழுத்து. யூனிகோடில் 10 குறிகள், யுடிஎஃப்-8 முறையில் 30 பைட். ஒரு துண்டுப் பெயருக்கு அனுமதி, மாற்றிய பிறகு 63 எழுத்து. ஆகவே இடம் தாராளமாக இருக்கிறது. பயனர் பெயரையும் தமிழில் எழுதுவதற்கான விதிமுறை 2012இல் வந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் 2015இல் வெளிவந்த 3.0 பதிப்பிலிருந்து அதை ஏற்கிறது. ஆனால் மறுமுனை வழங்கியும் ஏற்கவேண்டும், எல்லாம் ஏற்பதில்லை. அதனால் என் யோசனை இது: வாசலில் வழங்கி தன்னை அறிமுகப்படுத்தும் பெயர் ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும். மனிதர் கண்ணில் படும் விலாசத்தைத் தமிழில் வையுங்கள், கூடவே ஆங்கில எழுத்தில் ஒரு மாற்று விலாசமும் வையுங்கள், இரண்டும் ஒரே பெட்டியில் சேரட்டும்.

உங்கள் ஊர் ஒன்றியத்துக்கோ பழைய மாணவர் சங்கத்துக்கோ சொந்தமாக வழங்கி இருந்தால், அதைப் பார்க்கிறவரிடம் இந்த வாரமே சில கேள்விகள் கேளுங்கள். முழுப்பெயர் கேட்டால் கணினி என்ன சொல்கிறது? எண்ணைக் கொடுத்துக் கேட்டால் அதே பெயர் திரும்பி வருகிறதா? மைடெஸ்டினேஷன் வரியில் இருக்கக்கூடாத பெயர் எதுவும் இருக்கிறதா? போஸ்ட்மாஸ்டர் என்ற விலாசத்துக்கு வரும் கடிதத்தை யாராவது வாசிக்கிறார்களா? அந்த விலாசம் ஒவ்வொரு அஞ்சல் ஆள்களத்திலும் இருக்கவேண்டும் என்பது விதி. ஆள்களப் பெயர் சங்கத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறதா, அல்லது எப்போதோ உதவிய ஒருவரின் பெயரிலா? கேட்டு முடித்ததும் உங்கள் வலைத்தளப் படிவத்தை நீங்களே ஒருமுறை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். அது செயலாளரின் கைக்கு வந்துசேராவிட்டால், வழங்கிக்குள் போய் யாரும் திறக்காத பெட்டிகளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.